ஆரம்பகால பிளாக் மெட்டலில் நார்ஸ் தொன்மத்தைக் கேட்பதற்கு ஒரு வழிகாட்டி

ராக் இசையின் மிகக் கடுமையான கிளைகளில் ஒன்றான பிளாக் மெட்டலின் ஆரம்பகால இசையை முதன்முறையாகக் கேட்பவர்களில் பலர் இரண்டு நிமிடங்களுக்கு மேல் தாங்குவதில்லை. கிட்டார்கள் ஓயாமல் இரைகின்றன, டிரம்ஸ் மூச்சுவிட இடம் தருவதில்லை, பாடகரின் அலறல் சொற்களை விழுங்கிவிடுகிறது. அந்த இரைச்சலுக்குள் தலைமைத் தெய்வம் ஓடின், பேரோநாய் ஃபென்ரிர், உலக மரம் இக்ட்ராசில் என்று, கிறிஸ்தவத்துக்கு முந்தைய வடஐரோப்பியரின் நார்ஸ் தொன்மத்தின் பெயர்கள் இருப்பதாக ஆல்பத்தின் பாடல் பட்டியல் சொல்லும். காதுக்கோ அவற்றில் ஒன்றுகூட எட்டாது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். பல ஆண்டுகள் கேட்ட பிறகு எனக்குப் பிடிபட்டது, இந்த இசையில் தொன்மம் பெயர்களில் குறைவாகவும் ஒலியின் அமைப்பில் அதிகமாகவும் குடியிருக்கிறது என்பதே. தாங்கள் தோற்கப்போகிறோம் என்பது தேவர்களுக்கே முன்கூட்டித் தெரிந்திருக்கும் உலகம் ஒன்றை அந்தத் தொன்மம் சொல்கிறது. தீர்வை நோக்கி நகராமல் ஒரே இருளைச் சுற்றிச் சுற்றி வரும் இந்த இசை, அந்த அறிவோடு வாழ்வது எப்படியிருக்கும் என்பதை ஒலியாக்குகிறது. அதைக் கேட்பதற்குக் காதைப் பழக்கிக்கொள்ளும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். 1988 முதல் 1997 வரை சுவீடனிலும் நார்வேயிலும் வெளிவந்த சில ஆல்பங்களே அதற்குப் போதுமானவை.

முதலில் சிறிது வாசிப்பு

இசைக்கு முன்னால் வாசிப்பு வேண்டும். ஆனால் அது ஒரு வார இறுதிக்குள் முடிந்துவிடக்கூடிய அளவுதான். நார்ஸ் தொன்மம் என்று இன்று நாம் அறிந்திருப்பதில் பெரும்பகுதி, 13ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்தில் எழுத்துக்கு வந்த இரண்டு நூல்களிலிருந்து கிடைத்தது. ஒன்று, பழம்பாடல்களின் தொகுப்பான கவிதை எட்டா. அதன் முதன்மையான கையெழுத்துப் படியான கோடெக்ஸ் ரீஜியஸ் 1643இல் ஐஸ்லாந்தின் பிஷப் ஒருவர் கைக்கு வந்து, பின்னர் டென்மார்க் அரசருக்கு அனுப்பப்பட்டு, 1971இல்தான் ஐஸ்லாந்துக்குத் திரும்பியது. மற்றொன்று, ஸ்னோரி ஸ்துர்லுசன் என்ற அறிஞரும் அரசியல் தலைவருமானவர் ஏறத்தாழ 1220இல் எழுதிய உரைநடை எட்டா. இவ்விரண்டிலிருந்தும் ஒவ்வொரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: கவிதை எட்டாவின் முதல் பாடலான வோலுஸ்பா, ஸ்னோரியின் நூலில் கில்ஃபகின்னிங் என்ற பகுதி. வோலுஸ்பா அறுபதுக்குச் சற்று மேற்பட்ட செய்யுள்களே கொண்டது; ஒரே அமர்வில் படித்து முடித்துவிடலாம், ஆனால் அப்படிப் படித்து முடித்தவர் அதே இரவில் மீண்டும் ஒருமுறை திறப்பார் என்பது என் அனுபவம்.

வாசிக்கும்போது மூன்று இடங்களில் நில்லுங்கள். முதலாவது, உலகத்தின் தொடக்கம். கின்னுங்ககாப் என்ற பெரும் வெற்றிடத்தின் வடக்கே உறைபனி, தெற்கே நெருப்பு; பனி உருகிச் சொட்டிய துளிகளிலிருந்து இமிர் என்ற பேருருவன் பிறக்கிறான்; ஓடினும் அவன் சகோதரர்களும் அவனைக் கொன்று, சதையை மண்ணாகவும் இரத்தத்தைக் கடலாகவும் எலும்பை மலையாகவும் மண்டையோட்டை வானாகவும் ஆக்குகிறார்கள். ஒரு கொலையும் ஒரு குளிரும் படைப்புக்கே அடித்தளமாக இருக்கின்றன. இரண்டாவது, உலகத்தின் முடிவு. இடையில் கோடையே வராமல் மூன்று குளிர்காலங்கள் தொடர்ந்து வருவதை ஃபிம்புல் குளிர்காலம் என்று ஸ்னோரி விவரிக்கிறார். அதன்பின் ஓநாய் சூரியனை விழுங்குகிறது, கட்டப்பட்டிருந்த ஃபென்ரிர் அறுத்துக்கொண்டு வந்து ஓடினைத் தின்கிறது, இடித் தெய்வமான தோர் பெரும்பாம்பைக் கொன்றுவிட்டு அதன் நஞ்சால் ஒன்பது அடி நடந்து வீழ்கிறான். மூன்றாவது இடமே எல்லாவற்றிலும் முக்கியமானது: இவை அனைத்தையும் குறிசொல்பவள் ஒருத்தி ஓடினிடமே சொல்கிறாள், ஓடின் கேட்டுக்கொண்டிருக்கிறான். அறிவுக்காக ஒரு கண்ணை விலையாகக் கொடுத்த அந்தத் தெய்வம், அந்த அறிவால் தன் மரணத்தைத் தெரிந்துகொள்கிறதே தவிர, தவிர்த்துக்கொள்வதில்லை.

வோலுஸ்பா இருளோடு முடிவதில்லை என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள். கடலிலிருந்து பூமி மீண்டும் பசுமையாக எழுகிறது, கொல்லப்பட்ட ஓடினின் மகன் பால்டர் திரும்பி வருகிறான். ஆரம்பகால பிளாக் மெட்டல் இந்தப் பசுமையை ஏறக்குறைய முழுவதுமாக விட்டுவிட்டது. எதை எடுத்துக்கொண்டார்கள் என்பதைப் போலவே எதை விட்டார்கள் என்பதும் அந்த இளைஞர்களின் மனத்தைக் காட்டுகிறது.

மூலமொழி தெரியாவிட்டாலும் வோலுஸ்பாவின் இரண்டு மூன்று செய்யுள்களை யாரேனும் பழைய நார்ஸ் மொழியில் ஓதிக் கேட்பது மிகவும் பயன்தரும். அந்தக் கவிதையில் அடியை இரு பாதிகளாகப் பிரித்து, அவற்றைக் கட்டிவைப்பது சொற்களின் முதலொலி, அதாவது நம் யாப்பில் மோனை என்று சொல்வதே. எந்த உயிரொலியும் வேறு எந்த உயிரொலியோடும் ஒன்றும் என்பது அவர்கள் விதி. இன மோனையை அறிந்த தமிழ்க் காதுக்கு அது அந்நியமாக ஒலிக்காது. அந்தத் தட்டலான, அழுத்தமான நடை பின்னால் என்ஸ்லேவ்ட் குழுவின் பாடல்களைக் கேட்கும்போது நினைவுக்கு வரும்.

குளிரை உண்டாக்கும் முறை

இந்த இசையைக் குளிரானது என்று சொல்லாதவர் இல்லை. குளிர் என்பது தானாக வந்துவிடுவதில்லை. அது குறிப்பிட்ட சில தேர்வுகளால் கட்டப்படுகிறது. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்கக் கற்றுக்கொண்டால் இரைச்சல் என்று தோன்றியது ஒழுங்கான அமைப்பாகத் தெரியத் தொடங்கும். இதற்கு ஒரே பாடலை மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒன்றில் மட்டும் கவனம் வைத்துக் கேளுங்கள். என்ஸ்லேவ்ட் குழு 1994இல் வெளியிட்ட விக்கிங்லிகர் வெல்டி என்ற ஆல்பத்தில் வெத்ரார்நோத், அதாவது குளிர்கால இரவு, என்ற பாடல் இந்தப் பயிற்சிக்கு ஏற்றது.

முதல் முறை கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள். கம்பியை மேலும் கீழும் மிக விரைவாக மீட்டுவதை ட்ரெமோலோ மீட்டல் என்கிறார்கள். தனித்தனி மீட்டல்களாகக் கேட்காமல் அது ஒரு நீண்ட விரிப்பாக, வீசிக்கொண்டே இருக்கும் காற்றாக ஆகிவிடும். அக்காலத்து மற்ற மெட்டல் குழுக்கள் பெரும்பாலும் இரண்டு சுரங்களால் ஆன பவர் கார்டுகளை வைத்துக் கனமான அடித்தொனியைத் தேடினார்கள். சுவீடனின் டெத் மெட்டல் குழுக்கள் கம்பிகளையே தளர்த்தித் தாழ்ந்த ஒலிக்குப் போனார்கள். நார்வேயில் தார்ன்ஸ் குழுவின் ஸ்னோரே ரூக், மேஹெம் குழுவின் ஐஸ்டைன் ஓஷெத் ஆகியோர் வேறு திசையில் சென்றார்கள். பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் மைனர் கார்டின் எல்லாச் சுரங்களையும், ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனோடு ஒலிக்கவிட்டு, அவை ஒன்றோடொன்று உரசுவதை மறைக்காமல் விட்டார்கள். தார்ன்ஸ் 1991இல் பதிவு செய்த கிரிம்யூர்க் என்ற டெமோவில், அதாவது முன்மாதிரிப் பதிவில், இந்த முறையை ஏறக்குறைய வரைபடம் போலக் காணலாம். கீழ்த்தொனியைக் குறைத்து மேல்தொனியைக் கூட்டியதும், பேஸ் கிட்டாரை மிக்ஸில் அடக்கியதும் காலுக்குக் கீழே தரை இல்லாத உணர்வைத் தருகின்றன. கின்னுங்ககாப் என்ற வெற்றிடத்தை அந்த உணர்வோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

இரண்டாம் முறை டிரம்ஸைக் கேளுங்கள், ஆனால் அடிகளை எண்ணாதீர்கள். புதிதாக வருபவர்கள் செய்யும் பெரிய தவறு இதுதான். பிளாஸ்ட் பீட் எனப்படும் அதிவேக அடி ஓர் எல்லையைத் தாண்டியதும் வேகமாகத் தோன்றுவதில்லை. மழை கூரையில் பெய்வதுபோல அசையாத ஒன்றாக மாறிவிடுகிறது. அடிகளுக்குப் பதிலாக, கார்டு எப்போது மாறுகிறது என்பதை மட்டும் விரலால் குறித்துக்கொண்டே வாருங்கள். மேற்பரப்பில் இத்தனை வேகம் இருந்தும் அடியில் ஏதோ மிக மெதுவாக நகர்கிறது என்பது அப்போது தெரியும். வேகத்துக்குள் இருக்கும் இந்த அசையாமைதான் சூழல் என்று இந்த இசையின் அன்பர்கள் சொல்வதன் மையம். டார்க்த்ரோன் குழு 1994இல் வெளியிட்ட ட்ரான்சில்வேனியன் ஹங்கர் ஆல்பம் இதன் உச்சம். நான்கு தடங்கள் மட்டுமே உள்ள ஒலிப்பதிவுக் கருவியில், வீட்டிலேயே, எல்லாக் கருவிகளையும் ஒருவரே வாசித்துப் பதிவு செய்தது அது. அதில் தொன்மக் கதை எதுவும் இல்லாவிட்டாலும் ஃபிம்புல் குளிர்காலத்தின் ஒலி இதுவாகத்தான் இருக்க முடியும் என்று நான் நம்புகிறேன்.

மூன்றாம் முறை இடத்தைக் கேளுங்கள். நார்வேயின் பெர்கன் நகரில் 1978இல் திறக்கப்பட்ட கிரீக்ஹாலன் என்ற இசையரங்கம், இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீகின் பெயரைத் தாங்கியது. ஐரிக் ஹுன்ட்வின் என்ற இயற்பெயர் கொண்ட பிட்டன் அங்கே ஒலிப்பதிவாளராக இருந்தார். மேஹெம், எம்பெரர், இம்மார்ட்டல், என்ஸ்லேவ்ட் ஆகிய குழுக்களின் முக்கியமான பதிவுகள் அங்கேதான் உருவாயின. சிம்பொனிக்காகக் கட்டப்பட்ட அந்தக் கட்டடத்தின் விசாலம் டிரம்ஸின் ஒலியைச் சுற்றி எதிரொலியாக நிற்பதை மேஹெமின் டெ மிஸ்டீரியிஸ் ஆல்பத்தில் நன்றாகக் கேட்கலாம். மலிவான பதிவு என்றும் ஒலித்தரம் மோசம் என்றும் இந்த இசை முழுவதையும் ஒரே சொல்லால் ஒதுக்குகிறவர்கள், வீட்டில் பதிவான டார்க்த்ரோனையும் இந்த அரங்கத்தில் பதிவானவற்றையும் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். ஒன்றில் குளிர் அறைக்குள் வந்து அடைகிறது. மற்றொன்றில் நாம் வெளியே நிறுத்தப்படுகிறோம்.

குரலைப் பற்றித் தனியே ஒன்று சொல்ல வேண்டும். அலறலைச் சினத்தின் வெளிப்பாடாக மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிதான் கேட்டதாகும். கவிதை எட்டாவின் ஹாவமால் பகுதியில், ஓடின் ஈட்டியால் காயப்பட்டு, காற்றடிக்கும் மரத்தில் ஒன்பது இரவுகள் தொங்குகிறான். தன்னைத் தனக்கே பலியாகக் கொடுத்ததாகச் சொல்கிறான். யாரும் அவனுக்கு உணவோ நீரோ தரவில்லை. கீழே குனிந்து பார்த்து, அலறியபடியே ரூன் எனப்படும் பழங்கால எழுத்துகளை எடுத்துக்கொள்கிறான். எழுத்தும் அறிவும் ஓர் அலறலோடு உலகத்துக்கு வந்த தொன்மம் இது. இந்தப் பாடகர்கள் அந்தச் செய்யுளை மனத்தில் வைத்துத்தான் அலறினார்கள் என்று நான் வாதிடவில்லை. ஆனால் அந்தச் செய்யுளைப் படித்தபின் அந்தக் குரலை நான் வேறுவிதமாகக் கேட்கிறேன், நீங்களும் கேட்பீர்கள்.

பாத்தரியிலிருந்து தொடங்குங்கள்

பிளாக் மெட்டல் என்ற பெயர் 1982இல் இங்கிலாந்தின் வெனம் குழு வெளியிட்ட ஆல்பத்திலிருந்து வந்தது. அதில் சாத்தான் உண்டு, வடதிசைத் தெய்வங்கள் இல்லை. அந்தத் தெய்வங்களை இந்த இசைக்குள் கொண்டுவந்தது ஸ்டாக்ஹோமின் பாத்தரி குழு. க்வோர்தான் என்ற பெயரில் இயங்கி 2004இல் மறைந்த டோமஸ் ஃபோர்ஸ்பெரிதான் பாத்தரியின் உயிர். 1984இல் வெளிவந்த முதல் ஆல்பத்தைக் கார் கொட்டகையிலிருந்து மாற்றப்பட்ட சிறு ஸ்டுடியோவில் பதிவு செய்தார். முதல் மூன்று ஆல்பங்கள் சாத்தானைப் பாடியவை. கிறிஸ்தவத்தை எதிர்ப்பதற்குச் சாத்தானை அழைப்பவர் கிறிஸ்தவத்தின் கதைக்குள்ளேதான் நிற்கிறார். அந்தக் கதைக்கு வெளியே போக வேண்டுமானால் அதற்கு முந்தையதைத் தேட வேண்டும். 1988இல் வந்த பிளட் ஃபயர் டெத் ஆல்பத்தில் அந்தத் தேடல் தொடங்குகிறது.

ஊசியை வைப்பதற்கு முன்னால் அட்டையைப் பாருங்கள். அது நார்வே ஓவியர் பேட்டர் நிகோலாய் ஆர்போ 1872இல் வரைந்த ஓஸ்கோர்ட்ஸ்ரையன்: மாலை வானத்தில் குதிரைகள் மீது பாய்ந்துவரும் ஒரு பெருங்கூட்டம், நடுவே சுத்தியலை ஓங்கிய தோர். குளிர்காலத்து யூல் பருவ இரவுகளில் இறந்தவர்களின் படை வானத்தில் ஓடும் என்பது நார்வே நாட்டுப்புற நம்பிக்கை. ஆல்பத்தின் முதல் தடமான ஓடன்ஸ் ரைட் ஓவர் நோர்ட்லாண்ட் அந்த ஓவியத்துக்கு ஒலி கொடுக்கிறது. குதிரைகளின் கனைப்பும் ஓட்டமும், அவற்றுக்கு மேலே சொற்கள் இல்லாத குழுக்குரலும் மட்டும்தான் அதில் இருக்கின்றன. ஒரு தெய்வத்தின் கதையைச் சொல்லாமல் அந்தத் தெய்வம் தலைக்கு மேலே கடந்துபோவதை மட்டும் கேட்கச் செய்கிற இந்தச் சில நிமிடங்கள், என் கணிப்பில், பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் வித்து. அதை அடுத்து எ ஃபைன் டே டு டை மென்மையான கிட்டாரோடு தொடங்கி, அணிவகுத்து நிற்கும் வீரர்களின் பாடலாக விரிகிறது. இரண்டையும் இடைவெளி இல்லாமல் கேளுங்கள்.

1990இல் வந்த ஹாமர்ஹார்ட் இன்னும் மெதுவானது, இன்னும் அகன்றது. அலறலை விட்டுவிட்டு க்வோர்தான் தன் இயல்பான குரலில் பாடுகிறார்; அந்தக் குரல் சில இடங்களில் சுரத்தைப் பிடிக்கத் தடுமாறுகிறது. அதைக் குறையாகக் கருதாதீர்கள். பயிற்சி பெற்ற பாடகர் அந்தப் பாடல்களை மேடை நாடகமாக்கியிருப்பார். இங்கே ஒரு மனிதன் தன்னால் முடிந்ததைவிடப் பெரிய ஒன்றைத் தூக்க முயல்கிறான் என்பது கேட்கிறது. இதன் கடைசிப் பெரும் பாடலான ஒன் ரோட் டு ஆசா பே, புதிய மதம் ஒரு கிராமத்துக்கு வந்து சேர்ந்ததைத் தோற்றவர்களின் பக்கத்திலிருந்து சொல்கிறது. அதை இப்போது கேட்காமல் கடைசிக்கு ஒதுக்கிவையுங்கள்.

பெயர்களைப் பற்றி ஒரு குறிப்பு. க்வோர்தான் ஓடன் என்று எழுதுவது சுவீடிய வடிவம். ஐஸ்லாந்து நூல்களில் ஓதின். ஜெர்மன் வழக்கில் வோட்டன். என்ஸ்லேவ்ட் ஒரு பாடலுக்கு வோட்டன் என்றே பெயரிட்டது. எந்த வடிவம் வருகிறது என்பதைக் கவனித்தால் எந்த வாசல் வழியாகக் கதை வந்தது என்று ஊகிக்கலாம். பாத்தரி 1991இல் தன் ஆல்பத்துக்குத் தேர்ந்த ட்விலைட் ஆஃப் தி காட்ஸ் என்ற பெயர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உலக முடிவைக் குறிக்கக் கவிதை எட்டா சொல்லும் ரக்னரோக் என்ற சொல் தெய்வங்களின் ஊழ் என்று பொருள்படும். ஸ்னோரி கையாண்ட ரக்னரோக்கர் என்ற வடிவமே தெய்வங்களின் அந்தி என்ற பொருளைத் தந்தது. அதை ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் இசைநாடகம் 19ஆம் நூற்றாண்டில் உலகெங்கும் பரப்பியது. ஊழ் அந்தியாக மாறியபோது ஒரு தீர்ப்பு ஒரு காட்சியாக மென்மைப்பட்டுவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

என்ஸ்லேவ்ட்: நூலிலிருந்து ஒலிக்கு

நார்வேயின் மேற்குக் கரையில் ஹாவுகெசுன் பகுதியில் 1991இல் என்ஸ்லேவ்ட் தொடங்கப்பட்டபோது அதன் கிட்டார் கலைஞர் இவார் பியோர்ன்சனுக்கு வயது 13. சாத்தானைப் பாடுவதில் இந்தக் குழுவுக்கு ஆர்வம் இல்லை. தொடக்கத்திலிருந்தே தொன்மமும் வரலாறும்தான் அவர்களுடைய பொருள். விக்கிங்லிகர் வெல்டியில் ஐந்தே பாடல்கள், ஏறத்தாழ 50 நிமிடங்கள். சொற்களின் பெரும்பகுதி ஐஸ்லாந்து மொழியில். எட்டா எழுதப்பட்ட மொழிக்கு இன்று வாழும் மொழிகளில் மிக அருகில் இருப்பது அதுதான். இளம் வயதில் ஒருவன் தன் தாய்மொழியை விட்டு அந்த மொழியில் பாட்டெழுதுவது, தொன்மத்தை அலங்காரமாகக் கருதாதவன் மட்டும் செய்யக்கூடியது.

அதே 1994இல் வந்த ஃப்ரோஸ்ட், வாசிப்பையும் கேட்பதையும் இணைப்பதற்கு எல்லா ஆல்பங்களிலும் சிறந்தது. லோகே, ஃபென்ரிஸ், இக்ட்ராசில், கில்ஃபகின்னிங் என்று அதன் பாடல் பட்டியலே ஸ்னோரியின் பொருளடக்கம் போல இருக்கும். நான் பரிந்துரைக்கும் முறை இது: ஃபென்ரிஸ் பாடலைக் கேட்பதற்கு முன்னால் கில்ஃபகின்னிங்கில் ஃபென்ரிர் ஓநாயைக் கட்டும் கதையைப் படியுங்கள். எந்தச் சங்கிலியும் தாங்காதபோது குள்ளர்கள் கிளைப்னிர் என்ற பட்டுப்போன்ற கட்டைச் செய்கிறார்கள். பூனையின் காலடி ஓசை, பெண்ணின் தாடி, மலையின் வேர், கரடியின் நரம்பு, மீனின் மூச்சு, பறவையின் எச்சில் ஆகிய ஆறும் அதன் கூறுகள். தந்திரத்தை ஐயுற்ற ஓநாய், தேவர்களில் ஒருவர் தன் வாயில் கையை வைத்தால்தான் கட்டுப்படுவேன் என்கிறது. டிர் கையை வைக்கிறான், இழக்கிறான். வாக்குறுதி பொய் என்று தெரிந்தே ஒரு தெய்வம் தன் கையைக் கொடுக்கிறது. இதைப் படித்த உடனேயே பாடலைப் போட்டால், ரிஃப் எனப்படும் கிட்டார் துணுக்கு ஒன்று திரும்பத் திரும்ப வந்து முட்டுவது கட்டை அறுக்கும் முயற்சியாகக் கேட்கும். அதற்குப் பின் வேகம் தணிந்து தெளிந்த குரலில் வரும் இக்ட்ராசில், உலக மரத்தின் நிழலில் உட்கார்ந்ததுபோல இருக்கும். 1997இல் வந்த எல்ட் ஆல்பத்தின் முதல் பாடல் 793ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் மடம் வைக்கிங்குகளால் தாக்கப்பட்டதைப் பற்றியது. 16 நிமிடங்கள் நீளும் அதை, மேற்சொன்ன இரண்டு ஆல்பங்களும் பழகியபின் கேளுங்கள்.

எல்லாக் குளிரும் எட்டா அல்ல

இந்த இசையில் வடதிசை என்று தோன்றும் எல்லாவற்றையும் நார்ஸ் தொன்மம் என்று எண்ணிவிடுவது எளிது, ஆனால் தவறு. இம்மார்ட்டல் பாடும் பிளாஷிர்க் என்ற நித்தியக் குளிர் நாடு எந்தப் பழைய நூலிலும் இல்லை. அந்தக் குழுவே கற்பனை செய்தது. அவர்கள் வாழ்ந்த பெர்கன் பனியைவிட மழைக்கே பெயர்பெற்ற நகரம் என்பதையும் சேர்த்து நினைத்தால், அந்தக் குளிர் வானிலை அல்ல, மனத்தின் ஆக்கம் என்பது புரியும். எம்பெரரின் 1994ஆம் ஆண்டு ஆல்பத்தில் கீபோர்டு விரிக்கும் இரவு வானமும் அப்படிப்பட்டதே.

நாட்டுப்புறக் கதை வேறொரு வாசல். மலைக்குள் வாழும் மறைந்த மக்கள் மனிதர்களை, குறிப்பாக இளம்பெண்களை, கவர்ந்து மலைக்குள் கொண்டுபோய்விடுவார்கள் என்பது நார்வேயின் கிராமங்களில் நெடுங்காலம் இருந்த நம்பிக்கை. அப்படிக் கவரப்பட்டவரைக் குறிக்கும் சொல் பெர்க்டாட். ஓநாய்கள் என்று பொருள்படும் உல்வெர் குழு 1995இல் அந்தச் சொல்லையே தன் முதல் ஆல்பத்துக்குப் பெயராக்கி, ஐந்து அத்தியாயங்களில், டேனிய மொழிச் சாயல் கொண்ட பழைய நடையில் ஒரு பெண் மலைக்குள் மறையும் கதையைச் சொன்னது. மடாலயப் பாட்டைப் போன்ற அடுக்குக்குரல், மென்மையான கிட்டார், திடீரென்று எழும் சூறாவளி ஆகியவை மாறி மாறி வருகின்றன; நடுவில் காட்டுக்குள் ஓடும் காலடி ஓசை. இங்கே ஓடினும் இல்லை, ரக்னரோக்கும் இல்லை. அச்சம் வீட்டு வாசலுக்கு வெளியிலேயே நிற்கிறது. இந்தக் காலத்து ஆல்பங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

இந்த உலகத்தைக் கண்ணால் காண விரும்புபவர் நார்வே ஓவியர் தியோடோர் கிட்டெல்சனின் ஓவியங்களைப் பார்க்க வேண்டும். 1857இல் பிறந்து 1914இல் மறைந்த அவர், கறுப்புச் சாவு என்ற கொள்ளைநோயை, கிராமம் கிராமமாக நடந்துவரும் ஒரு கிழவியாக வரைந்தார். ஒருவர் மட்டுமே தனித்து நடத்திய நார்வே குழுவான புர்சுமின் ஆல்பங்கள் இரண்டின் அட்டைகள் அவருடையவை. புர்சும் பற்றி இரண்டு செய்திகளை ஒன்றாகவே சொல்ல வேண்டும். 1993இல் பதிவாகி 1996இல் வெளிவந்த ஃபிலோசோஃபெம், திரும்பத் திரும்ப வரும் ஒரே இசைத்துணுக்கால் காலத்தையே நிறுத்தும் முறையை முழுமையாக்கியது. அதை உருவாக்கிய மனிதர், மேலே நான் குறிப்பிட்ட ஐஸ்டைன் ஓஷெத்தை 1993 ஆகஸ்டில் கொன்றவர்; கொலைக்கும் தேவாலயங்களை எரித்ததற்குமாக 1994இல் 21 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றவர்; பின்னாளில் இனவெறிக் கருத்துகளை வெளிப்படையாகப் பரப்பியவர். அவர் சிறையிலிருந்தபடி சிந்தசைசரில் மட்டும் உருவாக்கிய பால்டரின் மரணம் பற்றிய ஆல்பம், எட்டாக் கதை ஒன்றை நேரடியாகச் சொல்வது. ஆனால் அதில் சூழல் ஏறக்குறைய இல்லை. தொன்மத்தின் பெயர்கள் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை. கேட்பதா வேண்டாமா என்பது அவரவர் முடிவு. அவருக்குப் பணம் போகாதபடி அந்த முடிவை எடுக்க வேண்டும் என்பது என் நிலை. ரூன் எழுத்துகளையும் தோரின் சுத்தியலையும் நாஜிக்களின் வழிவந்தவர்கள் கையகப்படுத்த முயன்றிருக்கிறார்கள் என்பதால், அறியாத ஒரு குழுவின் சட்டையையோ ஆல்பத்தையோ வாங்குவதற்கு முன்னால் அவர்கள் யார் என்று தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எரிக்கப்பட்ட தேவாலயங்களைப் பற்றியும் இந்தத் தொன்மத்தை நேசிக்கிறவர் அறிந்திருக்க வேண்டும். 1992 ஜூன் 6 அன்று பெர்கனுக்கு அருகே எரிந்த ஃபான்டொஃப்ட் மரத் தேவாலயம் 12ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. கூரை முனைகளில் டிராகன் தலைகள் கொண்டது. ஊர்னெஸ் என்ற இடத்தில் இன்றும் நிற்கும் தேவாலயத்தின் சுவரில் ஒன்றையொன்று பின்னிக் கடிக்கும் விலங்குகளின் செதுக்கல்கள் இருக்கின்றன. உலக மரத்தின் வேரைக் கடிக்கும் நிட்ஹோக் என்ற டிராகனை அதில் கண்டவர்கள் உண்டு. ஹிலெஸ்டாட் தேவாலயத்தின் வாயில் தூண்களில், டிராகனைக் கொன்ற சிகுர்டின் கதைக் காட்சிகள் செதுக்கப்பட்டிருந்தன. வோலுஸ்பாவை ஏட்டில் எழுதிவைத்ததும் கிறிஸ்தவர்களின் கைதான். ஸ்னோரி எழுதியபோது ஐஸ்லாந்து மதம் மாறி இரண்டு நூற்றாண்டுகள் கடந்திருந்தன. பழைய தெய்வங்களின் பெயரால் அந்த மரச்சுவர்களுக்குத் தீ வைத்தவர்கள், அந்தத் தெய்வங்களின் கடைசி வீடுகளுக்கே தீ வைத்தார்கள்.

கேட்கும் நேரமும் முறையும்

இந்த ஆல்பங்களைப் பாடல் பாடலாகப் பிரித்துக் கேட்காதீர்கள். தொடக்கத்திலிருந்து முடிவுவரை, வேறு வேலை எதுவும் செய்யாமல், இரவில் கேளுங்கள். ஒலியை மிகுதியாக வைக்க வேண்டியதில்லை. மேல்தொனி மிகுந்த இந்தப் பதிவுகள் மிகை ஒலியில் காதைக் களைப்படையச் செய்யும். நடுத்தர அளவில் வைத்தால்தான் அடுக்குகள் பிரிந்து தெரியும். முதல் முறை ஹெட்ஃபோனில், அடுத்த முறை அறையின் எதிர்மூலையில் வைத்த ஸ்பீக்கரில் கேட்டுப் பாருங்கள். தூரம் கூடும்போது சில ஆல்பங்கள் திறந்துகொள்கின்றன. வாரத்துக்கு ஓர் ஆல்பத்துக்கு மேல் வேண்டாம். பாடல் வரிகளை முதல் முறை கையில் வைத்திருக்காமல், மூன்றாவது நான்காவது முறை எடுத்துப் படியுங்கள். அதற்குள் உங்கள் காது தானாக ஒரு கதையைக் கண்டுபிடித்திருக்கும், அது எழுதப்பட்டதோடு எங்கே ஒன்றுகிறது, எங்கே விலகுகிறது என்று பார்ப்பது பெரிய இன்பம்.

எல்லாம் முடிந்தபின், ஒதுக்கிவைத்த ஒன் ரோட் டு ஆசா பே பாடலுக்குத் திரும்புங்கள். அன்று மாலை வோலுஸ்பாவை மறுபடியும் முழுமையாகப் படித்துவிட்டு, பசும்பூமி எழும் அந்த இறுதிச் செய்யுள்களில் ஏட்டை மூடிவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, பத்து நிமிடம் அந்தப் பாடலைக் கேளுங்கள். முடிந்ததும் உடனே அடுத்த பாடலைப் போடாமல், அறையின் அமைதியில் சிறிது நேரம் அப்படியே இருங்கள்.